14 மில்லிமீட்டர் வீக்கம்: ஸ்கோப்பிலேயே எடுத்துடலாமா, விட்டு வைக்கலாமா?

கோபிப் பக்கம் | 16 பிப்ரவரி 2025, இரவு 8.50

மாமனாருக்கு 58 வயசுங்க. நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி பண்ணுனாங்க. உணவுக்குழாய் இரைப்பையோட சேர்ற வாய்க்குக் கொஞ்சம் கீழ, 14 மி.மீ.ல உருண்டையா ஒரு வீக்கம்னு எழுதியிருக்காங்க. மேல்சவ்வு நல்லா இருக்குதாம். பயாப்ஸி ரிப்போர்ட், "லேசான நாள்பட்ட அழற்சி, புற்று அணு இல்லை". ஈரோட்டுல ஒருத்தர் ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்கறார். கோயமுத்தூர்ல ஒருத்தர் ஸ்கோப்பிலேயே எடுத்துடலாம்கறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போயிட்டு வந்துட்டாருங்க மாமா, அந்தளவுக்குத் தெம்பா இருக்காரு. என் கணக்கு இதுதான்: பயாப்ஸி சுத்தம், அளவு சின்னது, சின்னதா இருக்கறப்பவே கிள்ளி எறிஞ்சா வேலை முடிஞ்சுது. இதுல எதுக்குங்க ரெண்டு பேச்சு?

உள்நோக்கி | 16 பிப்ரவரி, இரவு 10.15

கணக்கு ரெண்டு எடத்துல ஒதைக்குதுங்க.

ஒண்ணு, அந்த பயாப்ஸி. இடுக்கி ஒரு கடிக்கு எடுக்கறது 2, 3 மி.மீ. துணுக்கு. அது மேல்சவ்வோட சரி. வீக்கம் அதுக்கு அடியில இருந்தா, நீங்க சோதனைக்கு அனுப்புனது மெத்தை உறையோட நூலு. உள்ள இருக்கறது இலவம்பஞ்சா தேங்கா நாரான்னு அதுல தெரியாது. "புற்று அணு இல்லை"ங்கறது மேல்சவ்வுக்குக் குடுத்த சர்டிபிகேட்.

ரெண்டு, அளவு. அதைப் பின்னால கேளுங்க. முதல்ல கேக்க வேண்டியது, எந்த அடுக்குல இருந்து கிளம்புதுன்னு. இரைப்பைச் சுவருல உள்ள இருந்து வெளிய போனா: சளிச்சவ்வு (ரிப்போர்ட்டுல மேல்சவ்வுன்னது இதுதான்), அதோட அடிவிளிம்புல ஒரு மெல்லிய தசை நூல், அப்புறம் தளதளன்னு ரத்தக்குழாய் ஓடற சப்மியூகோசா, அப்புறம் கெட்டியான தசைச்சுவர், கடைசியா வெளியுறை. சளிச்சவ்வுல மட்டும் இருக்கறதை ஸ்கோப்பால உரிச்சு எடுக்கலாம். தசைச்சுவருல இருந்து கிளம்புனதை எடுத்தா அடியில தரையே இருக்காது, ஓட்டைதான். 14 மி.மீ. ரெண்டுக்கும் ஒண்ணுதான், வேலை வேற வேற.

அதனால அடுத்த படி இ.யூ.எஸ்., அதாவது முனையில அல்ட்ராசவுண்ட் வெச்ச ஸ்கோப். பண்ணியாச்சா?

2 செ.மீ.க்குக் கீழ இருக்கற தசையடுக்குக் கட்டி பெரும்பாலும் விட்டு வைக்கக்கூடியதுதான், பதற வேண்டாம்.

ஸ்கோப் கழுவி | 17 பிப்ரவரி, காலை 6.20

போறப்ப பழைய ஸ்கோப் படம் கலர்ல இருக்கணும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்ல வீக்கமும் தெரியாது, மேல இருக்கற குழியும் தெரியாது. சி.டி.யோ பென் டிரைவோ வாங்கிட்டுப் போங்க.

கோபிப் பக்கம் | 21 பிப்ரவரி, மதியம் 1.05

இ.யூ.எஸ். பண்ணியாச்சுங்க. ரிப்போர்ட்ட அப்படியே சொல்றேன்: நாலாவது அடுக்கு, கருமையான எதிரொலி, ஒரே சீரா இருக்கு, விளிம்பு ஒழுங்கு, 14 × 11 மி.மீ., உள்ள நீர்க்குழி இல்ல, பக்கத்துல நெறி கட்டல. கடைசி வரி "ஜிஸ்ட் அல்லது லியோமயோமா". அந்த "அல்லது"தான் தூக்கத்தக் கெடுக்குது.

உள்நோக்கி | 21 பிப்ரவரி, இரவு 9.30

நல்ல ரிப்போர்ட்டுங்க. இ.யூ.எஸ். படத்துல சுவர் அஞ்சு பட்டையாத் தெரியும், வெளுப்பும் கறுப்பும் மாத்தி மாத்தி. 1, 2 சளிச்சவ்வு. 3 சப்மியூகோசா, வெளுப்பு. 4 தசைச்சுவர், கறுப்பு. 5 வெளியுறை. எந்தப் பட்டையில இருந்து கட்டி முளைக்குதுங்கறதே பாதி நோயைச் சொல்லிரும்.

மூணாவதுல வெளேர்னு இருந்தா கொழுப்புக் கட்டி. ஸ்கோப் முனையால அமுக்குனா தலகாணி மாதிரிக் குழியும். அதை யாரும் தொட வேண்டியதில்ல. இரைப்பையோட கீழ்ப்பகுதியில நடுவுல தொப்புள் மாதிரிக் குழியோட இருந்தா, பெரும்பாலும் வழி தவறி வந்து உக்காந்த கணையத் திசு. உணவுக்குழாய்க் கடைசியில மஞ்ச வெளுப்பா, கடவாய்ப்பல் மாதிரி மேல மேடு பள்ளமா இருந்தா கிரானுலர் செல் கட்டி. நாலாவதுல கறுப்பா இருந்தாத்தான் இந்த "அல்லது" வருது: லியோமயோமான்னா சாதாரணத் தசைக்கட்டி, தீங்கில்லாதது. ஜிஸ்ட்ன்னா குடல் அசைவுக்குத் தாளம் போடற காஹல் செல் வகையில இருந்து வர்றது, பின்னால கெட்டுப்போற வாய்ப்பு உள்ளது. படத்துல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உங்க எடம், அதாவது இரைப்பை வாய்க்குப் பக்கம், லியோமயோமா நிறைய வர்ற எடம். நடு இரைப்பையா இருந்திருந்தா ஜிஸ்ட் பக்கம்தான் சாஞ்சிருப்பேன்.

கோபிப் பக்கம் | 21 பிப்ரவரி, இரவு 9.48

அப்ப ஸ்கோப் வழியா கம்பிக் கண்ணி போட்டு இழுத்துட முடியாதுங்களா? வீடியோவுல எல்லாம் ஒரு நிமிசத்துல வெட்டுறாங்களே.

உள்நோக்கி | 22 பிப்ரவரி, காலை 7.10

அந்த வீடியோ சளிச்சவ்வுக் கட்டியோடது. அங்க ரெண்டு வழி.

முதல் வழி இ.எம்.ஆர். அடியில ஊசியால தண்ணி ஏத்தி மேல தூக்கி, கண்ணி மாட்டி, கரண்ட் குடுத்து வெட்டறது. 2 செ.மீ. வரைக்கும்தான் ஒரே துண்டா வரும், உணவுக்குழாய்ல 1.5. அதுக்கு மேல போனா துண்டு துண்டா வரும். துண்டா வந்தா விளிம்புல மிச்சம் இருக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது, திரும்ப முளைக்கவும் செய்யும்.

ரெண்டாவது இ.எஸ்.டி., அதாவது சப்மியூகோசாவுலயே அறுத்து ஒரே துண்டா உரிக்கறது. இது ஜப்பான்காரங்க 1990கள்ல வளர்த்த வேலை. கத்தி முனையில கடுகளவு பீங்கான் குமிழ் வெச்சாங்க. பீங்கான்ல கரண்ட் பாயாது, அதனால முனை தசையைத் தொட்டாலும் குத்தாது, பக்கவாட்டுக் கம்பி மட்டும் வெட்டும். மொத்த வித்தையும் அந்தக் கடுகுலதான் இருக்கு.

வேலை நடக்கற வரிசை: ஸ்கோப் மூக்குல கண்ணாடி மாதிரி ஒரு தொப்பி. கட்டி விளிம்புக்கு 5 மி.மீ. தள்ளிச் சுத்தி சூட்டுப் பொட்டு வைக்கணும், நடுவுல எல்லை மறந்து போகும்ல. பொட்டுக்கு வெளிய ஊசி போட்டு சப்மியூகோசாவ உப்ப வைக்கணும். பொட்டுக்கு வெளியவே சுத்தி வெட்டு. அப்புறம் தொப்பியால ஓரத்தத் தூக்கிப் பிடிச்சு, உள்ள நுழைஞ்சு, நீலமாத் தெரியற அடுக்கைத் தசைக்கு இணையா அறுத்துட்டே போகணும். கத்தி எப்பவும் தசைக்கு இணையாத்தான் போகணும். நட்டுக்குத்தலாத் திரும்புனா ஓட்டை. ரத்தக்குழாய் தெரிஞ்சா வெட்டறதுக்கு முன்னாலயே சூட்டு இடுக்கியால பிடிச்சுச் சுட்டுறணும். வெட்டிட்டு அப்புறம் தேடுனா ரத்தக்குளத்துல ஒண்ணும் தெரியாது. இ.எஸ்.டி.யில நேரம் போறது வெட்டறதுக்கில்ல, ரத்தத்துக்குத்தான்.

இது எதுவும் உங்க மாமனாருக்கு இல்லீங்க. அவருது நாலாவது அடுக்கு. கண்ணி போட்டா தசையும் சேர்ந்து வந்துரும்.

ஸ்கோப் கழுவி | 22 பிப்ரவரி, காலை 7.40

ஊசித் தண்ணி பத்தி அவர் ஒரு வரியில தாண்டிட்டார். சாதா சலைன் ஏத்துனா அஞ்சு நிமிசத்துல வடிஞ்சு போய் மறுபடி தட்டையாயிரும். சக்சினைலேட்டட் ஜெலட்டினோ ஹயலுரோனிக் அமிலமோ கலந்தா நிக்கும். கலருக்கு இண்டிகோ கார்மைன், கிடைக்காட்டி மெத்திலீன் ப்ளூ, சில சொட்டுப் போதும். கலர் ஏறுன பக்கம் சப்மியூகோசா, ஏறாம வெளுப்பா நார் நாராத் தெரியறது தசை. அங்க கத்தி வைக்கக்கூடாது.

அட்ரினலின்: 1:1000 ஆம்பூல் 1 மி.லி.ய 100 மி.லி.ல கலந்தா 1:1,00,000. 200 மி.லி.ல கலந்தா 1:2,00,000. இந்த ரெண்டுக்குள்ளதான். ரத்தம் கக்கற அல்சருக்குக் குத்தற 1:10,000 வேற சிரிஞ்சு, அதுவும் இதே தட்டுலதான் இருக்கும். லேபிள் ஒட்டாத சிரிஞ்சைக் கையில எடுத்தா டாக்டர் திட்டறதுல நியாயம் இருக்கு.

அப்புறம் காத்துக்குப் பதிலா கார்பன் டை ஆக்சைடு. சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே பாக்கணும், நடுவுல இல்ல.

உள்நோக்கி | 23 பிப்ரவரி, இரவு 10.50

16ஆம் தேதி நான் எழுதுன கடைசி வரியத் திருத்தணும். "2 செ.மீ.க்குக் கீழ விட்டு வைக்கலாம்"னு மொட்டையா எழுதிட்டேன். விட்டு வைக்கலாம், ஆனா விளிம்பு ஒழுங்கில்லாம இருந்தா, உள்ள நீர்க்குழியோ வெளுப்புப் புள்ளியோ இருந்தா, மேல புண்ணாகி ரத்தம் கசிஞ்சா, ரெண்டு ஸ்கேனுக்கு நடுவுல வளர்ந்தா, அந்த வரி செல்லாது. அதே மாதிரி "விட்டு வைக்கலாம்"னா மறந்துடலாம்னு அர்த்தமில்ல. என்னன்னு தெரியாத வீக்கத்துக்கு ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2022ல சொன்ன கணக்கு: 3 முதல் 6 மாசத்துல ஒருக்கா, அப்புறம் 1 செ.மீ.க்குக் கீழன்னா 2, 3 வருசத்துக்கு ஒருக்கா, 1ல இருந்து 2 செ.மீ.ன்னா 1, 2 வருசத்துக்கு ஒருக்கா.

ஈரோட்டுக்காரர் சொன்ன ஆறு மாசம் இந்தக் கணக்குலதான் வருது. கோயமுத்தூர்க்காரர் சொன்னதும் தப்பில்ல, ஜிஸ்ட்னு உறுதியானா சின்னதுலயே எடுக்கறதும் ஏத்துக்கப்பட்ட வழிதான். ரெண்டு பேரும் ஒரே கட்டிக்கு ரெண்டு பேர் வெச்சுட்டுப் பேசறாங்க, அவ்வளவுதான். பேரு என்னன்னு கண்டுபிடிச்சா சண்டை தீரும்.

பவானிக் கரை | 24 பிப்ரவரி, மாலை 6.30

கத்தி பிடிக்கற கட்சியில இருந்து ஒரு வார்த்தை. ஜிஸ்ட்டுக்கு நெறிகளை அள்ள வேண்டிய அவசியம் பொதுவாக் கிடையாது, கட்டியை உறை கிழியாம முழுசா எடுத்தாப் போதும். உறை கிழிஞ்சு வயித்துக்குள்ள சிந்துனா, சின்னக் கட்டியும் பெரிய ஆபத்துக் கணக்குல ஏறிரும். அதனால "ஸ்கோப்பா, வயித்துல சின்னத் துளை போட்டுப் பண்ற லேப்பராஸ்கோப்பியா"ங்கறதை விட, "கிழியாம வருமா"ங்கறதுதான் என் கேள்வி.

நடு இரைப்பையில இருந்தா வெளியில இருந்து ஸ்டேப்ளர் அடிச்சு ஆப்பு மாதிரி வெட்டி எடுத்துருவோம், அரை மணி வேலை. இவருது வாய்ப்பக்கம். அங்க ஸ்டேப்ளர் அடிச்சா வாயே சுருங்கும், சாப்பாடு இறங்காது. அங்க உள்ள இருந்து ஸ்கோப் வழி காட்ட, வெளிய இருந்து லேப்பராஸ்கோப்பி வெட்ட, ரெண்டும் சேர்ந்து செய்யற முறை ஒண்ணு ஜப்பான்ல இருந்து வந்திருக்கு, லெக்ஸ்ங்கறாங்க. வேணுங்கற அளவு சுவர் மட்டும்தான் போகும்.

நம்ம ஊருல லேப்பராஸ்கோப்பிக்குக் கை இல்லாத குறை கிடையாது. உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஆளைக் குப்புறப் படுக்க வெச்சு நெஞ்சு வழியா உள்ள போற முறையில 130 பேரோட அனுபவத்தை டாக்டர் பழனிவேலு குழு 2006லயே கோயமுத்தூர்ல இருந்து எழுதிருச்சு.

உள்நோக்கி | 24 பிப்ரவரி, இரவு 9.15

ஒத்துக்கறேன், ஒண்ணு தவிர. வாய்ப்பக்கத்துக்கும் உணவுக்குழாய்க்கும் ஸ்கோப்பிலேயே ஒரு வழி இருக்கு: சுரங்கம். உணவுக்குழாயோட கீழ்வாய் தளராம சாப்பாடு இறங்காத அகலேசியா நோய்க்கு ஜப்பான் டாக்டர் இனோவே 2008ல சளிச்சவ்வுக்கு அடியில சுரங்கம் போட்டுத் தசையை வெட்டிக் காட்டுனார். அதே சுரங்கத்துல போய்க் கட்டி எடுக்கலாம்னு ஷாங்காய்க்காரங்க பின்னால செஞ்சாங்க, எஸ்.டி.இ.ஆர்.னு பேரு.

கட்டிக்கு 5 செ.மீ. மேல சளிச்சவ்வுல ஒரு வாய் திறந்து, வரப்புக்குள்ள எலி வளை தோண்டற மாதிரி சப்மியூகோசாவுலயே கீழ இறங்கணும். மேல புல்லு அப்படியே இருக்கும். கட்டி கண்ணுக்குத் தெரிஞ்சதும் தசையில இருந்து உறை கிழியாம அவிழ்த்து, வந்த வழியே வெளிய இழுத்து, வாய்க்கு கிளிப் போட்டு அடைச்சுறணும். கட்டி இருந்த எடத்துல தசை ஓட்டையானாலும் மேல சளிச்சவ்வு மூடியிருக்கறதால சாப்பாடு வெளிய கசியாது. 14 மி.மீ. தாராளமா வளையில வரும். 3, 4 செ.மீ.ன்னா நடுவுல சிக்கும், இழுக்கற இழுப்புல உறை கிழியும். அப்ப பவானிக்காரர் சொல்றதுதான் சரி.

ஸ்கோப் கழுவி | 24 பிப்ரவரி, இரவு 9.20

எலி வளைக்குக் கடைசி கிளிப் போடறதுக்கு முன்னால உள்ள ரத்தம் நிக்குதான்னு பாத்துட்டு மூடுங்க. மூடுன பொறவு கசிஞ்சா எங்க கசியுதுன்னு தெரியாது.

கண்ணாடித் தகடு | 2 மார்ச், பகல் 11.00

இவ்வளவு நேரம் எல்லோரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எடுத்த பிறகு அது என் மேசைக்கு எந்தக் கோலத்தில் வருகிறது என்று யாரும் எழுதவில்லை. நோயியல் மேசையிலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று மணி நேரம் பாடுபட்டு ஒரே துண்டாக உரித்த சளிச்சவ்வை, வாய் குறுகிய மாத்திரை டப்பாவில் போட்டு ஃபார்மலின் ஊற்றினால், பத்து நிமிடத்தில் அது வெற்றிலைச் சுருளாகச் சுருண்டு கெட்டிப்படும். பிறகு எது பக்க விளிம்பு, எது அடி விளிம்பு என்று எனக்குத் தெரியாது. விளிம்பு தெரியாத துண்டும் துண்டு துண்டாக வந்த துண்டும் என் அறிக்கையில் ஏறக்குறைய ஒன்றுதான்.

செய்ய வேண்டியது எளிது. எடுத்தவுடன், உலர்வதற்கு முன், தெர்மகோல் அல்லது கார்க் மேல் சளிச்சவ்வுப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஓரத்தில் நெருக்கமாக ஊசி குத்துங்கள். துருப்பிடிக்காத ஊசி வேண்டும். துரு பட்ட இடத்தில் திசு பழுப்பாகிவிடும். அளவுக்கு மீறி இழுத்தாலும் விளிம்பு கிழியும். உடலில் இருந்த அளவுக்கு விரித்தால் போதும். மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று தெர்மகோலிலேயே எழுதுங்கள். பிறகு 10 சதவீத ஃபார்மலினில் தலைகீழாக மிதக்க விடுங்கள். திசுவைப்போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின், ஒரு நாள் முதல் இரண்டு நாள். நான் அதை 2 மி.மீ. இடைவெளியில் பட்டையாக நறுக்கி எல்லாவற்றையும் பார்ப்பேன். எங்கே நறுக்கினேன் என்ற படமும் அறிக்கையோடு வரும்.

நோயாளியின் வீட்டார் அந்த அறிக்கையில் தேட வேண்டியவை: ஒரே துண்டா, பக்க விளிம்பு சுத்தமா, அடி விளிம்பு சுத்தமா, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிணநாளத்திலும் ரத்தக்குழாயிலும் புகுந்திருக்கிறதா, அணு வகை எது. "புற்று, முழுமையாக அகற்றப்பட்டது" என்று ஒரே வரியில் முடிந்தால் திரும்பக் கேளுங்கள்.

உள்நோக்கி | 2 மார்ச், இரவு 8.40

நல்லா வாங்கிக்கிட்டேன். இதோட சேர்த்துப் படிங்க: இரைப்பைத் தொடக்கப் புற்று சளிச்சவ்வுக்குள்ளயே நின்னுருந்து, அணு வகை நல்லா உருவானதா, புண்ணில்லாம இருந்தா அளவு பெரிசானாலும் இ.எஸ்.டி. போதும். புண்ணிருந்தா 3 செ.மீ. வரைக்கும். உருவாகாத அணு வகைன்னா 2 செ.மீ. வரைக்கும், அதுவும் புண்ணில்லாம. சப்மியூகோசாவுல 500 மைக்ரானுக்குள்ள நின்னு, நல்ல அணு வகையா, 3 செ.மீ.க்குள்ள இருந்தா அதுவும் ஏத்துக்கலாம். இதெல்லாம் நாளங்கள்ல புகாம, விளிம்பு சுத்தமா இருந்தாத்தான். தாண்டுனா மேல ஆபரேஷன். உணவுக்குழாய்க்கும் அதே 500தான் கணக்கு.

கண்ணாடித் தகடு | 2 மார்ச், இரவு 9.05

கடைசி வரி தவறு. உணவுக்குழாய்ச் செதிள் அணுப் புற்றுக்கு 200 மைக்ரான். அங்கே நிணநாளங்கள் மேலேயே ஓடுகின்றன. சளிச்சவ்வின் தசை நூலைத் தொட்டாலே நெறிக்குப் போகும் வாய்ப்பு ஏற ஆரம்பித்துவிடுகிறது.

உள்நோக்கி | 2 மார்ச், இரவு 9.12

200தான். இரைப்பைக் கணக்கை உணவுக்குழாய்க்கு எழுதிட்டேன். மேல இருக்கறதை அழிக்கல, படிக்கறவங்க இந்தத் தப்பையும் பாக்கட்டும்.

உணவுக்குழாய் பேச்சு வந்ததால: அங்க வெளியுறை கிடையாது, தசைக்கு அந்தப் பக்கம் நேரா நெஞ்சறை. கட்டி எல்லை வெறும் கண்ணுக்குத் தெரியாது. லூகால் அயோடின் தெளிச்சா நல்ல சவ்வு பழுப்பாகும், கெட்ட எடம் மட்டும் நிறம் ஏறாம நிக்கும், கொஞ்ச நேரத்துல இளஞ்சிவப்பாயிரும். அயோடின் ஒத்துக்காதவங்களுக்குத் தெளிக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் சோடியம் தயோசல்பேட் விட்டா நெஞ்செரிச்சல் குறையும். சுத்தளவுல முக்கால் பங்குக்கு மேல உரிச்சா ஆறறப்ப சுருங்கி அடைச்சுக்கும். அதனால உரிச்ச எடத்துல டிரையாம்சினோலோன் ஊசியோ, வாய் வழி பிரெட்னிசொலோனோ (ரெண்டும் ஸ்டீராய்டு) குடுத்து வாரக்கணக்குல மெதுவாக் குறைப்பாங்க. அந்த மாத்திரைய நடுவுல நீங்களா நிறுத்தக் கூடாது.

பவானிக் கரை | 5 மார்ச், மாலை 7.00

முன்சிறுகுடலை மறந்துட்டீங்க. உரிச்ச எடத்துல பித்தமும் கணைய நீரும் விழுந்துட்டே இருக்கும். வேலை நல்லா முடிஞ்சு, ஆள் சிரிச்சுட்டு வார்டுக்குப் போய், மறுநாள் ஓட்டையாகற பயம் அதிகமா இருக்கற எடம் அதுதான்.

உள்நோக்கி | 5 மார்ச், இரவு 10.30

ஆமா. அங்க சுவர் அப்பளம். சின்ன அடினோமாவுக்கு, அதாவது புற்றாகாத சுரப்பிக் கட்டிக்கு, கரண்ட் இல்லாத கண்ணி, இல்லாட்டி உள்ள தண்ணி நிரப்பி மிதக்க விட்டு வெட்டறது. உரிச்ச எடத்த கிளிப் போட்டு முழுசா மூடணும். இ.எஸ்.டி.ன்னா அதுலயே ஊறுன கை வேணும்.

ஸ்கோப் கழுவி | 6 மார்ச், காலை 6.05

கூட்டமான நாள்ல ரெண்டு நிமிசத்துல உள்ள போய் வெளிய வந்த ஸ்கோப்புல சின்னக் கட்டி எப்படிங்க மாட்டும்? நுரையும் சளியும் படிஞ்சிருந்தா தட்டையான புற்று அதுக்கடியில ஒளிஞ்சுக்கும். முன்னாலயே நுரையை உடைக்கற சிமெத்திகோன் தண்ணி குடிக்க வெச்சு, உள்ள கழுவி, குறைஞ்சது 7 நிமிசம் பாக்கணும். ஸ்கோப்ப விட அந்தத் தண்ணி மலிவு.

கோபிப் பக்கம் | 9 மார்ச், இரவு 8.20

பேரு கண்டுபிடிக்க ஊசி போட்டு எடுக்கலாம்கறாங்க. ஊசி குத்துனா பரவிடும்னு எங்கூட்டுல ஆத்தா ஒரே அழுகை. மாமா இதய ஸ்டென்ட் வெச்சவரு, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடறார். இதைச் சொல்ல மறந்துட்டேன்.

உள்நோக்கி | 9 மார்ச், இரவு 8.31

ஏனுங், இதை முதல் நாளே சொல்லணும்ல! ஸ்டென்ட் எந்த வருசம், எந்த வகை? அந்த மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. பொதுவா இந்த மாதிரி வேலைக்கு குளோபிடோக்ரெல் 7 நாள் முன்னால நிறுத்தி, ஆஸ்பிரினைத் தொடர வைக்கறது வழக்கம். ஆனா ஸ்டென்ட் புதுசா இருந்தா கட்டிதான் காத்திருக்கும், ஸ்டென்ட் காத்திருக்காது. இதய டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேணும். வார்ஃபரின்னா 5 நாள், புது வகை ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரைன்னா 2, 3 நாள், சிறுநீரகம் மந்தமா இருந்தா இன்னும் கூட.

ஊசி பயம் பத்தி: இ.யூ.எஸ். ஊசி இரைப்பைக்குள்ள இருந்தே கட்டிக்குப் போகுது, வயித்தறையக் கடக்கறதில்ல. ஆத்தாகிட்ட அதைச் சொல்லுங்க. சிக்கல் வேற எடத்துல: 14 மி.மீ. உருண்டை ஊசிக்கு நகர்ந்து நகர்ந்து போகும், போதுமான திசு வராமப் போகலாம். 2 செ.மீ.க்குக் கீழ உள்ளதுக்கு, மேல சளிச்சவ்வுல சின்னதாக் கீறி, கட்டியக் கண்ணால பாத்து, இடுக்கியால நேரா கடிச்சு எடுக்கறதைத்தான் முதல்ல சொல்றாங்க. அப்புறம் ஒரு கிளிப். என்ன, கீறிக் கடிச்ச எடம் தழும்பாகி ஒட்டிக்கும். பின்னால சுரங்க வேலை வேண்டி வந்தா அந்த ஒட்டுல கை நிக்கும். அதையும் கேட்டுட்டு முடிவெடுங்க.

கோபிப் பக்கம் | 9 மார்ச், இரவு 8.55

ஸ்டென்ட் 2019ங்க. முதலமைச்சர் காப்பீட்டுல வருமுங்களா? வந்த பொறவு சாப்பாடு எப்படி?

ஸ்கோப் கழுவி | 10 மார்ச், காலை 6.10

காப்பீட்டுக்கு அட்மிஷன் போடறதுக்கு முன்னாலயே ஆஸ்பத்திரியில இருக்கற திட்டக் கவுன்டர்ல, செய்யப்போற வேலையோட பேரை எழுத்துல குடுத்துக் கேளுங்க. "எண்டோஸ்கோப்பி"ன்னு மட்டும் சொன்னா பார்த்துட்டு வர்ற ஸ்கோப்னு நினைச்சுப் பதில் சொல்லுவாங்க. வெட்டி எடுக்கற வேலைக்குக் கத்தி, கிளிப், ஊசி எல்லாம் ஒருக்கா பாவிச்சுத் தூக்கிப் போடறது, பில்லு அதுலதான் ஏறும். எத்தனை கிளிப்னு பில்லுல பாருங்க.

சாப்பாடு, கடிச்சு எடுக்கற வேலைக்கு அன்னைக்குப் பொழுதோட கஞ்சி. இ.எஸ்.டி.க்கு வேற: முதல் நாள் பட்டினி, மறுநாள் ரத்தம் இல்லேன்னா தண்ணி, அப்புறம் குழைய வெச்ச சோறு. அரிசிம்பருப்பு சாதம் நாலஞ்சு நாளுல வரலாம், நெய் போட்டு. கொள்ளு ரசத்துக்கும் பச்சப்புளி ரசத்துக்கும் ஒரு மாசம் லீவு. கறிக்குழம்பு கேட்டா ஸ்கோப் படத்தைக் காட்டுங்க.

உள்நோக்கி | 10 மார்ச், இரவு 9.40

சாப்பாட்டை விட முக்கியமானது: இ.எஸ்.டி. பண்ணுனவங்களுக்கு அமிலம் குறைக்கற மாத்திரை 8 வாரம். புண்ணு பெரிசோ சின்னதோ ஏறக்குறைய அந்த 8 வாரத்துல ஆறிரும். ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வரும். தார் மாதிரி கறுப்பு மலம், எந்திரிச்சா தலைசுத்தல், ரத்த வாந்தி: இதுல எது வந்தாலும் விடியட்டும்னு இருக்கக்கூடாது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனா தார் மாதிரிப் பிசுபிசுன்னு, நாத்தத்தோட இருக்காது. வயிறு பலகையாக் கெட்டிப்பட்டு வலிச்சா அது ஓட்டை.

வேலை நடக்கறப்பவே ஓட்டை விழுந்தா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. அங்கயே கிளிப் போட்டு மூடி, மூக்கு வழிக் குழாய், ஆன்டிபயாடிக், ரெண்டு மூணு நாள் பட்டினின்னு பெரும்பாலும் சரியாயிரும். கார்பன் டை ஆக்சைடு இங்கதான் உதவும். வயித்துக்குள்ள போனாலும் சீக்கிரம் உறிஞ்சிரும். சாதாக் காத்து நாள் கணக்குல நிக்கும்.

இன்னொண்ணு, புற்றுக்கு இ.எஸ்.டி. பண்ணுனவங்க ஹெலிகோபாக்டர் கிருமிய ஒழிச்சே ஆகணும். அந்தக் கட்டி போனாலும் அதை முளைக்க விட்ட நிலம் அப்படியே இருக்கு. ஒழிச்சாலும் வருசத்துக்கு ஒருக்கா ஸ்கோப்.

கோபிப் பக்கம் | 19 ஏப்ரல், மாலை 5.30

கீறித்தான் எடுத்தாங்க. ரிப்போர்ட் வந்துருச்சு: கதிர் வடிவ அணுக்கள், டெஸ்மின் பாசிட்டிவ், எஸ்.எம்.ஏ. பாசிட்டிவ், டாக்1 நெகட்டிவ். ஆனா "சி.டி.117 அங்கங்கே பாசிட்டிவ்"ன்னு இருக்குதுங்க. இணையத்துல தேடுனா 117ன்னாலே ஜிஸ்ட்ங்கறாங்க. முடிவு லியோமயோமான்னு போட்டிருக்காங்க. எதை நம்பறது?

கண்ணாடித் தகடு | 19 ஏப்ரல், மாலை 6.45

முடிவை நம்புங்கள். லியோமயோமாவுக்குள் மாஸ்ட் செல்களும் காஹல் செல்களும் சிதறிக் கிடக்கும், அவை 117 சாயத்தை ஏற்கும். ஜிஸ்ட்டில் கட்டி அணுக்களே பரவலாக ஏற்கும், டாக்1ம் பெரும்பாலும் கூட வரும். இங்கே கட்டி அணு தசைக்கு அடையாளமான டெஸ்மினை ஏற்றிருக்கிறது, ஜிஸ்ட்டுக்கு அடையாளமான டாக்1 இல்லை.

உள்நோக்கி | 19 ஏப்ரல், இரவு 9.00

அப்ப யாரும் எடுக்க வேண்டாம். தொந்தரவு குடுக்காத லியோமயோமாவுக்குத் தொடர் ஸ்கோப்பும் வேண்டாம். சாப்பாடு சிக்கற மாதிரி இருந்தா மட்டும் வரச் சொல்லுங்க. ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி வைங்க, இல்லேன்னா அடுத்த ஸ்கோப்புல யாராவது இதே வீக்கத்தைப் பாத்து மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க.

கோபிப் பக்கம் | 19 ஏப்ரல், இரவு 9.20

ரொம்ப நிம்மதிங்க. ஆனா ஒண்ணு, அவருக்கு நெஞ்செரிச்சல் இன்னும் அப்படியேதான் இருக்குது.

உள்நோக்கி | 19 ஏப்ரல், இரவு 9.34

பாருங்க, வந்த காரணத்தையே எல்லாரும் மறந்துட்டோம்! கட்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு கம்மி. அமில மாத்திரைய காலையில சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால போடறாரா, சாப்பிட்ட பொறவு போடறாரா? பொறவுன்னா பாதிப் பலன்தான். குளோபிடோக்ரெல் சாப்பிடறவர், அதனால ஒமிப்ரசோலும் எசோமெப்ரசோலும் வேண்டாம், பான்டோப்ரசோல் கேட்டு எழுதி வாங்குங்க. ராத்திரி சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரம். கட்டில் தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும், மூணு அங்குலச் செங்கல் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு ரெண்டு வெச்சா 15 செ.மீ. உசரும். தலகாணி ரெண்டு போட்டு உசத்தறது ஆகாது, கழுத்துதான் வளையும்.

ஸ்கோப் கழுவி | 20 ஏப்ரல், காலை 6.00

கயித்துக் கட்டிலா இருந்தா செங்கல் வெச்சா வழுக்கும். அடியில பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு போடுங்க.